குருந்த நாட்டைத் தேடி நெய்வேலிக்கு

மலேயாவில், ஈப்போவில் நான் புரூப் திருத்தும் வேலை பார்த்த அச்சகம் ஒரு மாத இதழும் நடத்தி வந்தது. தோட்டத்துத் தமிழர்கள்தான் வாசகர்கள். அந்த இதழில் இரண்டு வருடமாக வந்துகொண்டிருந்த 'குருந்த நாட்டு ரசவாத வரலாறு' திடீரென்று நின்றுபோனது. எழுதியவர் கோமதிநாயகம் என்பவர், நெய்வேலியில் சுரங்கத் தொழிலாளி. "இனி எழுதுவதற்கில்லை, மன்னிக்கவும்" என்று நீல ஏர்மெயில் தாளில் ஒரே வரி அனுப்பியிருந்தார். வாசகர்கள் கடிதம் போட்டுக் குடைந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "தஞ்சாவூருக்கு உன் அக்காவைப் பார்க்கப் போகிறாயே, அப்படியே நெய்வேலியில் இறங்கி மீதியை வாங்கி வந்துவிடு. புத்தகமாகப் போட்டுவிடலாம்" என்றார். எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம் அது.

குருந்த நாடு எந்தத் தேசப்படத்திலும் கிடையாது. கோமதிநாயகம் உண்டாக்கிய நாடு. ஆனால் அவர் அதன் வரலாற்றைப் பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகம் போல நிதானமாக எழுதுவார். உப்புக் காய்ச்சும் பெண்ணொருத்தியின் ஓட்டைப் பானையில் முதல் தங்கம் உண்டானது. அவளுக்கு அது இன்னதென்று தெரியாததால் அதையே தட்டிப் பானையின் ஓட்டையை அடைத்தாள். அங்கிருந்து தொடங்கும் வரலாறு. பிறகு ஏழு உலைகளின் காலம். உலையில் எவ்வளவு தங்கமாக மாறுகிறதோ அவ்வளவு எடை உலைக்காரன் உடம்பில் குறையும் என்பது அந்த நாட்டு விதி. அதனால் எலும்பும் தோலுமாக இருப்பவனே பெரிய ரசவாதி. ஒரு குருவைக் காற்று அடித்துக்கொண்டு போகாமலிருக்க அவர் இடுப்பில் கல்லைக் கட்டி வைத்திருந்தார்களாம். அதற்குப் பின் வந்த அரசர்கள், அந்த எடை இன்னொருவன் உடம்பிலிருந்தும் குறையலாம் என்று கண்டுபிடித்தார்கள். கைதிகளையும் அநாதைகளையும் உலையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். அவர்களுக்கு 'எடைக்காரர்கள்' என்று பெயர். எடைக்காரர்கள் ஒருநாள் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள் என்ற இடத்தில் தொடர் நின்றிருந்தது.

பண்ருட்டியில் ஏறிய பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டார். சாலையின் இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. பூத்திருந்தது. எங்கள் ஊர் ரப்பர் மரங்கள் வரிசை பிடித்து நிற்கும். இவை தரையில் கையூன்றி உட்கார்ந்த மாதிரி இருந்தன. ஒரு மணி நேரம் கழித்து வந்த வேறொரு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

எனக்கு முன்னால் இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் ஒரு லயம், அதாவது ஒரு வரிசை வீடு முழுக்கத் தெலுங்கர்கள், அதனால் எனக்கு விளங்கும். ஒருவர் ஜன்னலுக்கு வெளியே காட்டி, "அதோ அந்தக் குடிசைதான். தங்கம் செய்யப் போய்ச் செத்தானே, அவன் வீடு" என்றார். மற்றவர், "படித்தவனாமே?" என்றார். "படித்ததால்தான் செத்தான்" என்றார் முதலாமவர். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. நான் எட்டிப் பார்ப்பதற்குள் பஸ் கடந்துவிட்டது. ரசவாதம் எழுதியவரைத் தேடி வந்த ஊரில் இப்படியொரு பேச்சைக் கேட்டதை நல்ல வேடிக்கை என்று மனதில் குறித்துக்கொண்டேன். ஊருக்குத் திரும்பியதும் எழுதலாம் என்றுகூட நினைத்தேன்.

சுரங்கக் கம்பெனியின் நகரியத்துக்குள் போனதும் எனக்குத் திசை தப்பிவிட்டது. தெருவுக்குப் பெயரில்லை, எண்தான். எந்தப் பிளாக்கைப் பார்த்தாலும் அதே வீடு, அதே வேலி, அதே முருங்கை. கம்பெனி பஸ்ஸில் ஏறி ஒரு சுற்று சுற்றி, ஏறின இடத்திலேயே இறங்கினேன். சங்கு ஊதியதும் சாலை முழுக்கச் சைக்கிள்கள். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள். அவர்களில் ஒருவரை நிறுத்திக் கேட்டபோது, அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "பேப்பர்காரரா?" என்றார். இல்லை, மலேயாவிலிருந்து வருகிறேன் என்றதும் வழி சொன்னார்.

கோமதிநாயகத்துக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கன்வேயர் பெல்ட்டில் ஆபரேட்டர். நான் யாரென்று சொன்னதும் அவர் முகம் வாடிப்போனது. ஆனாலும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். "வாங்க அண்ணாச்சி. கடல் தாண்டி வந்திருக்கீங்க. முதல்ல சாப்பிடுங்க. அதைப் பத்தி நாளைக்குப் பேசுவோம்." அவர் மனைவி பார்வதி சொதி வைத்திருந்தார். தேங்காய்ப்பால் மணத்தில் எனக்கு ஈப்போ ஞாபகம் வந்தது. இரண்டாவது முறை சோறு போடும்போது அந்த அம்மா மெல்லச் சொன்னார்: "அவங்களை எழுதச் சொல்லாதீங்கண்ணாச்சி. பேனாவைக் கண்டாலே எந்திரிச்சுப் போயிருதாங்க."

மறுநாள் காலை அவர் என்னைச் சுரங்கத்தைப் பார்க்க அழைத்துப்போனார். விளிம்பில் நின்று பார்த்தால் மறுகரை புகைமூட்டமாகத் தெரிந்தது. எங்கள் ஊர் ஈயச் சுரங்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பார்கள். வேலை முடிந்தால் பச்சைக் குட்டை மிஞ்சும். இங்கே வாளிகள் கட்டிய பெரிய சக்கரம் ஒன்று சுற்றிச் சுற்றி மண்ணை வழித்தது. கீழே மனிதர்கள் புள்ளிகளாக நகர்ந்தார்கள். அடியில் பழுப்பும் கறுப்புமாக நிலக்கரி. ஓரிடத்தில் அது தானாகவே கனன்று புகைந்துகொண்டிருந்தது. தண்ணீர் அடித்து அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மேல மண்ணு, அடியில கரி, கரண்டு ஆகி மெட்ராஸுக்குப் போவுது" என்றார் கோமதிநாயகம். "இதைப் பாத்துப் பாத்துத்தான் எழுத ஆரம்பிச்சேன் அண்ணாச்சி. ஒண்ணு இன்னொண்ணா மாறணும்னா நடுவுல யாரோ தேயணும்லா? அதைச் சொல்லத்தான் ஒரு நாட்டையே உண்டாக்கினேன்."

பிறகு ராசாங்கத்தைப் பற்றிச் சொன்னார்.

ராசாங்கம் அதே பெல்ட்டில் சிந்துகிற கரியை அள்ளிப் போடும் காண்ட்ராக்ட் ஆள். பண்ருட்டி போகும் சாலையோரத்துக் கிராமம். அப்பா அம்மா நாள்கூலிக்கு வயலில் வேலை செய்தவர்கள். இவன் பத்தாவது வரை படித்தவன். எங்கள் இதழ் கோமதிநாயகத்துக்கு மாதம் இரண்டு பிரதி கப்பல் தபாலில் போகும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ராசாங்கத்திடம் கொடுப்பார். அவன் டீ நேரத்தில் எல்லோரையும் உட்கார வைத்து உரக்க வாசிப்பான். எடைக்காரர்கள் வந்த அத்தியாயத்தை வாசித்துவிட்டு, "சார், இது நாங்கதான?" என்று கேட்டானாம்.

"ஒரு நாள் தனியா வந்து கேட்டான். 'சார், இது கதையா, இல்ல சித்தருங்க பாட்டு மாதிரி மறைச்சி எழுதுனதா?' நான் சிரிச்சேன். 'கதைதாம்டே' ன்னு நூறு வாட்டி சொல்லியிருப்பேன். நான் சொல்லச் சொல்ல, நான் மறைக்கிறேன்னே அவன் முடிவு பண்ணிட்டான்."

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், நல்ல மழை. ராசாங்கம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பாதரசத்தைச் சட்டியில் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, குடிசைக்குள் அடுப்பில் காய்ச்சியிருக்கிறான். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஜன்னலிலும் சாக்கைத் தொங்கவிட்டானாம். மனைவி அஞ்சலை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மகள் பாட்டி வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பித்தாள். சாயங்காலம் அவனுக்கு நெஞ்சு எரிந்தது. ஆஸ்பத்திரியில் என்ன செய்தும் மூச்சு திரும்பவில்லை. நாலாம் நாள் இறந்தான்.

"சாவறதுக்கு முந்தின நாள் போய்ப் பாத்தேன்" என்றார் கோமதிநாயகம். "ஏம்டே இப்படிப் பண்ணினேன்னு கேட்டேன். திக்கித் திக்கிச் சொன்னான். 'கருங்கனல், செவ்வுப்பு, எல்லாம் உங்க புதுப் பேரா இருந்திச்சி சார். இது ஒண்ணுதான் கடையில கெடைக்கிற பேரு. இங்கதான் நீங்க கை தவறி நெசத்த எழுதிட்டீங்கன்னு கண்டுபுடிச்சேன்' னான். கண்டுபிடிச்சதுல அவனுக்குச் சந்தோசம் அண்ணாச்சி. அந்த நெலைமையிலயும்."

 அவர் மேலும் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. ஈப்போவில் என் மேசை கண்முன் வந்தது. மூன்றாம் உலை பற்றிய அத்தியாயம். கையெழுத்துப் பிரதியில் 'நிலவூறல்' என்று இருந்தது. வெள்ளி போல ஓடும், கையில் ஒட்டாது, விரலால் தொட்டால் உருண்டைகளாகப் பிரியும் என்று வர்ணித்திருந்தார். இது பாதரசம்தானே, பாவம், சுரங்கத் தொழிலாளி, சொல் தெரியாமல் எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சிவப்பு மையால் நாலு இடத்தில் அடித்துவிட்டு 'பாதரசம்' என்று எழுதியது நான். முதலாளியிடம்கூடச் சொல்லவில்லை. அன்று ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் கோப்பி குடிக்கப் போனதும் ஞாபகம் வந்தது.

அன்று முழுவதும் நான் அதைச் சொல்லவில்லை. அவர் வீட்டில் சாப்பிட்டேன். பார்வதி அம்மா கொடுத்த முந்திரிக்கொத்தைத் தின்றேன். பழைய பிரதிகளைப் பார்க்கலாமா என்று கேட்டு, அவருடைய கார்பன் நகலைப் பிரித்தேன். நாலு இடத்திலும் 'நிலவூறல்' என்றே இருந்தது. கட்டிவைத்துவிட்டேன். பிடிபடாமல் தப்பிவிட முடியுமா என்று என் மனம் கணக்குப் போட்டது என்பதையும் இங்கே எழுத வேண்டும்.

மூன்றாம் நாள் அவர் அஞ்சலையைப் பார்க்கப் புறப்பட்டார். வாரம் ஒரு முறை மருந்து வாங்கிக்கொண்டு போகிறாராம். முதலில் ராசாங்கத்தின் அண்ணன் அடிக்க வந்தானாம். அடிக்கட்டும் என்று நின்றிருக்கிறார். நானும் வருகிறேன் என்றேன். வாடகைச் சைக்கிள் ஒன்று எடுத்துக்கொண்டேன். நகரியத்தைத் தாண்டி முந்திரித் தோப்பு தொடங்கும் இடத்தில் என் சைக்கிளின் செயின் கழன்றது. இரண்டு பேரும் குனிந்து அதை மாட்டிக்கொண்டிருந்தோம். அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அப்போது சொன்னேன்.

"நிலவூறலை மாற்றியது நான்தான்."

அவர் கையை எடுக்கவில்லை. செயினைப் பல்லில் ஏற்றி, பெடலைக் கையால் சுற்றி, சரியாக ஓடுகிறதா என்று பார்த்தார்.

"அச்சாபீஸுல யாரோ மாத்தியிருக்காங்கன்னு தெரியும். நீங்கன்னு தெரியாது." மண்ணில் கையைத் துடைத்தார். "புஸ்தகம் வந்த அன்னைக்கே பாத்தேன் அண்ணாச்சி. எழுதித் திருத்தச் சொல்லியிருக்கலாம்லா? படிச்சவங்க மாத்தியிருக்காங்க, சரியாத்தான் இருக்கும்னு பேசாம இருந்துட்டேன். ராசாங்கம் கையில குடுக்கும்போதாவது சொல்லியிருக்கலாம். அதையும் செய்யலை."

"அவன் செத்த பிறகாவது, மாற்றியது யார் என்று கேட்டு நீங்கள் எங்களுக்கு எழுதியிருக்கலாமே?"

"எழுதி? அவன் வந்துருவானா?"

சைக்கிளில் ஏறி அவர் முன்னால் போனார்.

அஞ்சலைக்கு முப்பது வயதுகூட இருக்காது. குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் கைகள் நடுங்கின. எங்களைப் பார்த்ததும் கொண்டையை முடியப் பார்த்தாள். மூன்று முறை முயன்று, விட்டுவிட்டாள். ஈறுகளில் இன்னும் புண் ஆறவில்லை என்று வழியில் கோமதிநாயகம் சொல்லியிருந்தார். "வாங்க சார், ஒக்காருங்க" என்று பாயைக் காட்டினாள். சொம்பில் கூழ் கொண்டு வந்தாள். கை நடுக்கத்தில் கொஞ்சம் சிந்தியது. நாங்கள் பார்க்காத மாதிரி வாங்கிக்கொண்டோம்.

நான் யாரென்று சொன்னேன். என்ன செய்தேன் என்பதையும் சொன்னேன். எழுதத் தெரியாதவர்களுக்குச் சொல்வது போல விளக்கத் தொடங்கினேன். அவள் இடைமறித்தாள்.

"புரியுதுங்க. அவுரு ஒண்ணு எழுதுனாரு, நீங்க வேற ஒண்ணு மாத்திப் போட்டுட்டீங்க. அதப் படிச்சிட்டு எங்க வூட்டு ஆளு பூட்டாரு. அதான?"

"ஆமாம்."

அவள் சிந்திய கூழை முந்தானையால் துடைத்தாள். பிறகு குரலை உயர்த்தாமலே கேட்டாள்: "சொல்லிட்டீங்க. உங்களுக்குப் பாரம் எறங்கிப்போச்சி. எனக்கு இன்னா எறங்கிச்சி?"

 மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தால் அதுவும் எனக்காகத்தான் இருந்திருக்கும்.

"இந்த மாதிரி எத்தினி பொஸ்தவம் அடிச்சீங்க?" என்றாள்.

"எழுநூறு."

"எல்லாம் எங்க இருக்குது?"

"எங்கள் நாட்டுத் தோட்டங்களில். வீடு வீடாக."

"அங்கயும் எங்காளு மாதிரி ஒருத்தன் படிச்சிக்கினு இருப்பான்ல? நீங்க இங்க குந்திக்கினு எங்கிட்ட கத சொல்றீங்களே?"

இரண்டு நாளாக ஒரு சாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை. கூழை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். "இருங்க" என்றாள். உள்ளே போய் அந்த இதழை எடுத்து வந்தாள். ஓரம் மடங்கி, கரிக் கைரேகை படிந்திருந்தது. அந்த நாலு சொல்லுக்கும் அடியில் ராசாங்கம் பென்சிலால் கோடு போட்டிருந்தான். "மொதல்ல இதுல அடிங்க. என் கண்ணு முன்னால." நான் நாலு இடத்திலும் அடித்து 'நிலவூறல்' என்று எழுதினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொன்றையும் விரலை வைத்துப் பார்த்தாள்.

புறப்படும்போது கோமதிநாயகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "சார், அந்த எடைக்காரங்க இன்னா ஆனாங்க? எங்க வூட்டு ஆளு எனக்குப் படிச்சிக் காட்டுனாரு, அதோட நிறுத்திட்டாரு. அடுத்த பொஸ்தவம் வரட்டும்னாரு."

கோமதிநாயகம் வாசலில் நின்றார். எழுதவில்லை, இனி எழுதப் போவதில்லை என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

"ஒரு நாள் எல்லாரும் ஒலைய விட்டு எந்திரிச்சாங்கம்மா. காவக்காரன் தடுத்தான். தடுத்தவன் கைக்குள்ள அகப்படற அளவுக்கு அவங்க ஒடம்புல ஒண்ணும் இல்ல. அப்படியே ஊரப் பாத்து நடந்தாங்க. வீட்டுக்குப் போனா, யாருக்கும் அடையாளம் தெரியலை. பேரச் சொன்னாங்க. பேரக் கேட்டதும் உள்ள கூட்டிட்டுப் போய்ச் சோறு போட்டாங்க. அதுக்கப்புறம் அந்த நாட்டுல ரசவாதம் இல்ல."

"சோறு துன்னாங்களா?"

"தின்னாங்க."

"அப்ப சரி" என்றாள் அஞ்சலை. கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

குருந்த நாட்டு ரசவாத வரலாற்றின் முடிவு இவ்வளவுதான். கோமதிநாயகம் பிறகு எங்கேயும் அதை எழுதவில்லை. நான் இங்கே எழுதியிருப்பது காதால் கேட்டது. ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

நகரியத்துத் தபாலாபீஸில், பிழையை உடனே வாசகர்களுக்கு அறிவிக்கச் சொல்லி முதலாளிக்குத் தந்தி கொடுத்தேன். தஞ்சாவூருக்குப் போகவில்லை, அக்காவுக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். கோமதிநாயகம் பஸ் நிலையம் வரை வந்தார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "சீக்கிரம் போங்க அண்ணாச்சி" என்றார்.

ஈப்போவில் முதலாளி அடுத்த இதழில் ஒரு மூலையில் 'பிழை திருத்தம்' என்று இரண்டு வரி போட்டார். ஒருவன் செத்தான் என்று போடச் சொன்னேன்; மறுத்துவிட்டார். சந்தாதாரர் பட்டியலைக் கையால் நகல் எடுத்துக்கொண்டு வேலையை விட்டேன். பேராக் தொடங்கி ஜொகூர் வரை, தோட்டம் தோட்டமாகப் போனேன். கதவைத் தட்டி, அந்த மாத இதழைக் கேட்டு வாங்கி, நாலு இடத்தில் அடித்துக் கொடுத்தேன். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் ராசாங்கத்தின் கதையைச் சொன்னேன். சிலர் என்னைப் பைத்தியம் என்றார்கள். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு கங்காணி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, உள்ளே போய், அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து வந்து என் கையில் வைத்தார். கனமாக இருந்தது, உள்ளே வெள்ளி போல ஓடியது. மூடி திறக்கப்படவில்லை.

எல்லாம் முடிய ஒன்றரை வருடம் ஆனது. எரிந்தவை, கரையான் அரித்தவை, கடையில் பொட்டலம் மடிக்கப் போனவை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்து அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து பிரதிகளுக்குக் கணக்கு இருக்கிறது. மற்ற ஐந்தை நான் கண்டுபிடிக்கவில்லை.